நாலு செல், இரண்டு மெஷின்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லி மாட்டிவிட மாட்டேன். வேலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். நம் நிரலைச் சரிபார்க்கும் டெஸ்ட் வரிசையை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றுவிட்டாராம்.

"சார், ஒரு டெஸ்ட்ல முதல் ஆளுக்கு பிரஷர் 112/70, ரெண்டாவது ஆளுக்கு 158/104ன்னு இருக்கு. எதுக்கு இப்படி ஒட்டாத நம்பர்? 120/80, 130/90ன்னு போட்டா பார்க்க ஒழுங்கா இருக்கும். மாத்திடட்டுமா?"

என் கோபம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இன்னும் அந்த ஆபீசில் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். நான் போட்ட சத்தத்தில் பாவம் அந்தப் பிள்ளை போனை வைத்துவிட்டார். டீ குடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதாமல் ஓய்வு பெற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தது என் சோம்பல். அந்த ஒரு வரிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கணினி படித்தவன் இல்லை. வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையின் சோதனை அறையில் வேலையை ஆரம்பித்தேன். தோல் எவ்வளவு இழுவை தாங்கும் என்று கிழித்துப் பார்ப்பதுதான் வேலை. அங்கே ஒரு விஷயம் கவனித்தேன். சோதனைக்கு என்று கொண்டுவந்து கொடுக்கிற துண்டு எப்போதும் முதுகுப் பக்கத்தில் வெட்டியதாகவே இருக்கும். அது லேசில் கிழியாது. வயிற்றுப் பக்கத்துத் தோலை யாரும் கொண்டுவர மாட்டார்கள். அதை நாம்தான் எழுந்து போய் வெட்டிக்கொண்டு வரவேண்டும். பிற்பாடு வேலூரில் இந்தச் சின்ன கம்பெனிக்கு வந்தபோதும் அந்த ஒரு புத்தி எனக்குப் போதுமாக இருந்தது. சரியாகச் சொன்னால், போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாம் செய்கிற லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, என்னவென்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வீட்டாரும் படிக்கலாம். போனில் ஆப் எதுவும் ஏற்ற வேண்டாம். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். அந்தப் பக்கத்துக்குள் இருக்கும் நம் லைப்ரரி, புளூடூத் வழியாகப் பிரஷர் மெஷினோடு பேசி, ரத்த அழுத்த அளவை வாங்கித் திரையில் காட்டும். மெஷின் என்பது கையில் சுற்றும் பட்டையும் அதோடு ஒட்டிய சின்னப் பெட்டியும்தான். பெட்டிக்குத் திரை கிடையாது. அதனால் விலை குறைவு. அதனால்தான் ஜவ்வாது மலையில் மருத்துவ உதவி செய்யும் ஒரு தொண்டு அமைப்பு அதை வாங்கியது. நர்ஸ்கள் ஊர் ஊராக நடந்துபோய் கர்ப்பிணிப் பெண்களைப் பார்த்துவர அது வசதியாக இருந்தது. திரை இல்லாத மெஷின் என்றால் என்ன அர்த்தம்? போனில் நாம் காட்டும் எண்தான் அந்தப் பெண்ணின் ரத்த அழுத்தம். சரிபார்க்க வேறு எண் கிடையாது.

இதற்கு டெஸ்ட் எழுதுவது எப்படி? ஒவ்வொரு முறை நிரலில் ஒரு வரி மாறும்போதும் ஒரு மனிதர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார முடியாது. அதனால் நிவேதா ஒரு பொய் மெஷினை எழுதினாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும், அசல் மெஷின்போலவே பேசும். நிவேதாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. நிரல் எழுதுவதில் கெட்டிக்காரி, அது அவளுக்கும் தெரியும். பொய் மெஷினிடம் எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லும், வரிசை தப்பாது, நடுவில் தூங்காது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் உட்கார வைத்த பிள்ளை மாதிரி அவ்வளவு அடக்கம். அதை வைத்து நாங்கள் இருவரும் நூற்றுக்கு மேல் டெஸ்ட் எழுதினோம். எல்லாம் பச்சை, அதாவது தேறிவிட்டது.

ஆரம்பத்தில் ஒரு கோளாறு வந்தது. புளூடூத் தொடர்பு நடுவில் அறுந்து மறுபடி சேர்ந்தால், மெஷின் தான் கடைசியாக எடுத்த அளவை இன்னொரு தடவை அனுப்பும். ஒரே பெண்ணுக்கு ஒரே அளவு மூன்று முறை பதிவாகிவிடும். அதற்கு வழி சொன்னவன் நான்தான். ஒவ்வொரு அளவோடும் மெஷினின் கடிகார நேரம் சேர்ந்து வருகிறதே, ஒரே நேரம் போட்ட அளவு இரண்டாம் முறை வந்தால் பழையது என்று தள்ளிவிடு என்றேன். நிவேதா எழுதினாள். நிரல் ஒழுங்காகத் தள்ளுகிறதா என்று காவல் காக்க நானே ஒரு டெஸ்டும் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அப்புறம்தான் மலையிலிருந்து போன் வந்தது.

பேசியவர் தேன்மொழி சிஸ்டர். அந்த அமைப்பின் நர்ஸ்களில் மூத்தவர். நெல்லிவாசல்நாட்டில் பிறந்து, செங்கத்தில் தங்கிப் படித்து, மறுபடி மலைக்கே வேலைக்கு வந்தவர்.

"பாய், நேத்து உங்க பேஜ்ல அஞ்சு பேருக்கு ஒரே பிரஷர் காட்டுது. இன்னா அது?"

"சிஸ்டர், பேஜை ஒரு தடவை மூடிட்டுத் திறந்து பாருங்க" என்றேன். இந்தப் பதிலை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

"மூடித் திறந்தா சரியா வருது. அப்பால மறுபடியும் அதே மாதிரி ஆவுது. எல்லா நாளும் இல்ல, சில நாளு தான்."

நிவேதாவிடம் சொன்னேன். அவள் டெஸ்ட் மொத்தத்தையும் என் கண் முன்னால் ஓடவிட்டாள். பச்சை, பச்சை, பச்சை. "அவங்க எங்கயாவது மாத்தி அழுத்தறாங்க சார்" என்றாள். நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்தேன். சிஸ்டர் இரண்டாம் முறை போன் செய்தபோது மறுபடியும் மூடித் திறக்கச் சொன்னேன். அந்த அம்மா அதையும் செய்து பார்த்தார். பிறகு, "பாய், நீங்க ஒரு நாளு இங்க வந்து குந்திப் பாருங்களேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் புதுப் பதிப்பு தயாராக இருந்தது. மற்ற மலைகளில் வேலை செய்யும் நர்ஸ்களுக்கும் அது போகவேண்டும். நான் சரி என்று சொன்னால்தான் வெளியே போகும். முதலாளி தினமும் என் மேசைக்கு வந்து, "என்ன பாய், ஆச்சா?" என்று கேட்டுவிட்டுப் போவார். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று கிளம்பினேன்.

இங்கேதான் நான் என்னை ரொம்பப் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். பழைய பேட்டரி செல்லால் மெஷின் தடுமாறலாம், அந்தச் சந்தேகம் வேண்டாம் என்று, வேலூரிலேயே எட்டுப் புது செல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். செங்கத்தில் இறங்கி, ஷேர் ஜீப்பில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தேன். ஊர் பால்வாடி அறையில் சிஸ்டர் இருந்தார். வெளியே பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் செல் பாக்கெட்டை நீட்டினேன். அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. பிரஷர் மெஷினில் நாலு, எடை மெஷினில் நாலு போட்டார்.

காலையில் பதினோரு பேர். ஒரு தப்பு இல்லை. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவு. நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, திரையின் ஓரத்தை அழுத்தினால் வருமே, லைப்ரரி தானாக எழுதி வைக்கும் அந்த உள்குறிப்புகளையும் அவ்வப்போது எட்டிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். மதியம் சிஸ்டர் சாப்பிடப் போனார். போகும்போது சார்ஜ் மிச்சம் பிடிக்கப் போனை அணைத்து வைத்தார். நான் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஏறினேன். ஊரிலிருந்து கால் மணி நேரம்.

"என்ன பாய்?" என்றார் முதலாளி.

"செல் வீக்கா இருந்திருக்கு. புது செல் போட்டதும் சரியாயிடுச்சு. நம்ம நிரல்ல குத்தம் இல்ல."

"அப்போ அனுப்பிடலாமா?"

"அனுப்பிடலாம்" என்றேன்.



இறங்கி வந்தேன். கீழே போகிற ஜீப் பால்வாடி முன்னால் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர், "பாய், டைம் ஆவுது, வண்டி நிக்காது" என்று ஹாரன் அடித்தார். பையை எடுக்க உள்ளே போனேன். சிஸ்டர் மறுபடி வேலையை ஆரம்பித்திருந்தார். ஒரு பெண்ணைப் பார்த்து அனுப்பிவிட்டு, அடுத்தவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்தவள் பெயர் அலமேலு. எட்டாம் மாதம். எங்கேயோ காட்டுப் பக்கம் இருக்கிற ஊரிலிருந்து மாமியாரோடு நடந்து வந்திருக்கிறாள், அதனால்தான் தாமதம்.

அலமேலு எடை மெஷினில் ஏறினாள். சிஸ்டர் எடையை எழுதிக்கொண்டார். அவள் இறங்கியதும் மெஷினைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, நாலு செல்லையும் கழற்றி, அவற்றைப் பிரஷர் மெஷினில் போட்டார்.

நான் பையோடு நின்றேன்.

"சிஸ்டர், காலையில போட்ட புது செல்?"

"அத மதியமே கழட்டிட்டேன், பத்திரமா டப்பால கீது பாய். பழசு நல்லா தான ஓடுது, அது தீர்றதுக்குள்ள புதுச எதுக்கு வீணாக்கணும்? ரெண்டு மெஷினுக்கும் இந்த நாலே போதும். மேல செல்லு எங்க கெடைக்குது? நாங்க எல்லா சிஸ்டரும் இப்பிடித்தான் செய்றோம்."

நீங்களும் நானும் வீட்டில் டிவி ரிமோட்டில் செல் தீர்ந்தால் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போடுகிறோமா இல்லையா? அதேதான். நூறு டெஸ்ட் எழுதிய என் மூளைக்கு அது எட்டவில்லை.

சிஸ்டர் அலமேலு கையில் பட்டையைச் சுற்றினார். பட்டை உப்பியது, தளர்ந்தது. போன் 112/70 என்று காட்டியது. நல்ல அளவு. சிஸ்டர் எழுதப் போனவர் எழுதவில்லை. அலமேலுவின் முகத்தைப் பார்த்தார். குனிந்து வீங்கியிருந்த அவள் காலைப் பார்த்தார்.

"மெட்டி எங்க?"

"கெட்டியா புடிக்குதுன்னு கழட்டிட்டேன்க்கா." முந்தானை முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். "தலவலி வேற, ரெண்டு நாளா."

"இதுக்கு முன்னால போனவங்களுக்கும் 112/70 தான் பாய்" என்றார் சிஸ்டர். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். பட்டையைக் கழற்றாமல் மறுபடி ஒரு தடவை அளந்தார். இப்போது 158/104 என்று வந்தது, எட்டாம் மாதத்தில் ஆபத்தான அளவு.

ஒரே கை, ஒரே பட்டை, மூன்று நிமிட இடைவெளி. இரண்டில் எது நிஜம்? மலை ஏறி நடந்து வந்த களைப்பில் கூடியிருக்கலாம் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். வெளியே ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.  ஆனால் முதல் முறையாக, பேஜை மூடித் திறக்கச் சொல்ல வாய் வரவில்லை.

"சிஸ்டர், இந்த அம்மாவுக்குச் செஞ்ச மாதிரியே அப்படியே எனக்குச் செய்யுங்க. ஒண்ணுகூட விடாதீங்க."

எடை மெஷினில் ஏறினேன். செல் மாறியது. பட்டை என் கையைப் பிடித்தது. 158/104. சிஸ்டர் தன் கையில் கட்டிக்கொண்டார், அதே முறையில். 158/104. "எனக்கு எந்தக் காலத்துல இது இருந்துச்சி?" என்றார். ஹாரன் அடித்துச் சலித்துப்போய் உள்ளே வந்த ஜீப் ஓட்டுநரின் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தோம். அவருக்கும் 158/104. மனுஷர் முகம் வெளுத்துவிட்டது. "பாய், எனக்கு இன்னா ஆச்சி?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்லக்கூட எனக்கு நேரமில்லை. உள்குறிப்பைத் திறந்தேன்.

அதில் வரிசையாக ஒரே வாசகம். பழைய அளவு, தள்ளப்பட்டது. பழைய அளவு, தள்ளப்பட்டது.

செல்லைக் கழற்றினால் அந்தப் பெட்டிக்கு ஞாபகம் போய்விடும். மறுபடி செல் போட்டதும் அதன் கடிகாரம் பிறந்த நாளின் பூஜ்ய மணியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும். சிஸ்டர் கைப்பழக்கம் உள்ளவர். செல் போட்டுச் சரியாக ஒரு நிமிடத்தில் பட்டையைக் கட்டி அளந்துவிடுவார். அந்தக் கடிகாரம் நிமிடம்தான் சொல்லும், விநாடி சொல்லாது. ஆக ஒவ்வொரு பெண்ணின் அளவும் பூஜ்ய மணி ஒரு நிமிடம் என்ற ஒரே நேரத்தோடு வந்தது. முதல் பெண்ணின் அளவை நம் லைப்ரரி ஏற்றுக்கொண்டது. அடுத்தவளுடைய அளவு வந்ததும், இது பழையது என்று தூக்கி எறிந்துவிட்டு, கடைசியாக ஏற்றுக்கொண்ட முதல் பெண்ணின் அளவையே திரையில் வைத்தது. பேச்சு வாக்கில் சிஸ்டர் தாமதித்தால் நிமிடம் மாறிவிடும், அளவு சரியாக வரும். அதனால்தான் சில நாள் மட்டும் தப்பு. இரண்டாம் முறை அளந்தபோது செல் கழற்றாததால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. அலமேலுவின் நிஜமான அளவு அதுதான். அதன்பிறகு எங்கள் மூவருக்கும் திரையில் நின்றதும் அவளுடைய அந்த அளவேதான். காலையில் தப்பு வராததற்குக் காரணம் நான் கொண்டுபோன செல். நான் பார்க்கப் போன பிழையை நானே பையில் வைத்துக் கொண்டுபோன பரிசால் மூடிவிட்டேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. இந்தத் தப்பை யாராவது திருத்த வந்திருந்தால், என் டெஸ்ட் சிவப்பாகி அவர்களைத் தடுத்திருக்கும். தப்புக்கு நானே காவல் போட்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

சிஸ்டர் என்னைப் பார்க்க நேரமில்லாமல் இருந்தார். அலமேலுவின் மாமியாரிடம், "அம்மா, இப்பவே கீழ போவணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா தயங்கினார். வூட்டில் ஆள் இல்லை, மாடு கட்டிக் கிடக்கிறது, நாளைக்குப் போனால் ஆகாதா, மெஷின் முதலில் நல்லாத்தானே காட்டியது என்றார். மெஷின் முதலில் நல்லாத்தான் காட்டியது. அந்த வார்த்தை என் மேல்தான் விழுந்தது.

"அம்மா, அந்த மெஷின் காட்டினது பொய். தப்பு என்னோடது. இவங்க உங்க மருமக காலைப் பார்த்துச் சொல்றாங்க, அதுதான் நிஜம்" என்றேன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். தப்பு என்று தானே ஒப்புக்கொள்கிற ஆளை நம்பலாம் என்று தோன்றியதோ என்னவோ, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். ஓட்டுநர் தனக்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்த சந்தோஷத்தில் கீழே கொண்டுபோக ஏற்றியிருந்த சாமை மூட்டைகளை இறக்கிவிட்டு அலமேலுவைப் படுக்க வைக்க இடம் செய்தார். ஜீப் செங்கத்துக்குப் போனது. எனக்கு அதில் இடம் இல்லை. எனக்குப் போகவேண்டிய இடம் பாறை.

அறுபதை நெருங்கிய காலோடு ஓடினேன். முதலாளி எடுத்ததும், "நிறுத்துங்க, அனுப்பாதீங்க" என்றேன்.

"அனுப்பிட்டோமே பாய். நீங்கதானே சொன்னீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். "சரி, சத்தம் இல்லாம சரி பண்ணிடலாம். ரெண்டு நாள்ல புதுசு போயிடும். இப்ப எல்லார்கிட்டயும் சொன்னா நம்மள யாரு நம்புவாங்க?" என்றார்.

அந்த நொடியில் எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்தது ஒன்றுதான். இந்த மலையில் எத்தனையோ பெண்கள் அடுத்தவள் எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் நிம்மதியாக இருக்கிறார்கள். நிரலை இரண்டு நாளில் சரி செய்யலாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்த எண்களை நிரலால் சரி செய்ய முடியாது. "சார், நான் அந்த அமைப்போட டாக்டருக்குப் போன் போடப் போறேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். டாக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கர்ப்பிணிகள் எல்லோரையும் கையால் காற்றடிக்கும் பழைய மெஷினில் மறுபடி பார்க்கவேண்டும் என்றேன். அவர் திட்டவில்லை. "எந்தத் தேதியிலேர்ந்து?" என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

கடைசியாக நிவேதா. "எண் எதுவும் காட்டாதே. பக்கத்தைத் திறந்தா, இந்த அளவை நம்பாதீங்கன்னு ஒரு வரி மட்டும் வரட்டும்" என்றேன். அவள் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். 

"சார், பொய் மெஷினை எழுதினது நான். அதுக்கு நான் செல்லே வைக்கல."

"டெஸ்டை எழுதினது நான். அழறதுன்னா ரெண்டு பேரும் அப்புறம் சேர்ந்து அழலாம். இப்ப எழுது."

பத்து நிமிடத்தில் அந்த ஒரு வரி வெளியே போய்விட்டது.

அலமேலுவை அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி அளந்ததில் இன்னும் இரண்டு பெண்களையும் கீழே அனுப்பினார்கள், இருவரும் நல்லபடியாகத் திரும்பினார்கள். மூன்று வாரம் கழித்துத் தேன்மொழி சிஸ்டர் ஆபீசுக்குப் போன் செய்தார். நான் எடுத்ததும் போனை எங்கேயோ கொண்டுபோய் வைத்தார். ஒரு குழந்தை வீறிட்டு அழுகிற சத்தம். "கேட்டுச்சா பாய்? பொண்ணு. அம்மா மெட்டி போட்டுக்கினா" என்றார். நிவேதாவிடம் போனைக் கொடுத்தேன். சேர்ந்து அழுவது என்று சொல்லியிருந்தோமே, அதை அன்றைக்குத்தான் முடித்தோம். முதலாளி வந்து பார்த்துவிட்டு எல்லோருக்கும் டீ சொன்னார். என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த அமைப்பும் நம்மை விட்டுப் போகவில்லை.

நிவேதா பொய் மெஷினை முழுக்கப் புதிதாக எழுதினாள். இப்போது நீங்கள் பார்க்கிற பொய் மெஷின் லேசுப்பட்டது இல்லை. திடீரென்று தூங்கும், பாதியில் போய்விடும், செல் கழன்றால் தேதி மறக்கும், சொன்னதையே திருப்பிச் சொல்லும். புது ஆளின் பக்கம் திறந்தால், அவருடைய அளவு வரும்வரை திரையில் கோடு மட்டும்தான் நிற்கும், இன்னொருவர் எண் ஒருபோதும் நிற்காது. நான் பெருமைப்பட்டுக்கொண்ட என் பழைய டெஸ்டை நானே அழித்தேன். சிஸ்டர் மாதம் ஒருமுறை போன் செய்து, மலையில் புதிதாக என்னென்ன கூத்து நடக்கிறது என்று சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டெஸ்ட் எழுதினோம். பட்டையை ஈரக் கையில் கட்டியதற்கு ஒன்று, ஒரு போனை இரண்டு சிஸ்டர்கள் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதற்கு ஒன்று. புதுப் பதிப்புக்கு முன்னால் ஒருவர் மலையேறிப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து வரவேண்டும் என்ற வழக்கமும் அப்போது வந்ததுதான். உங்கள் முறை வரும்போது கையை வீசிக்கொண்டு போங்கள். வாழைப்பழம் வாங்கிப் போகலாம். செல் வாங்கிப் போகாதீர்கள். அவர்களுக்குக் கொடுக்க ஆசையாக இருந்தால் திரும்பும்போது கொடுத்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த எண்களுக்கு வருகிறேன். அந்த டெஸ்டில் முதலில் ஒரு பெண்ணை அளக்கிறோம், 112/70. பிறகு பொய் மெஷினின் செல்லைக் கழற்றிப் போடுகிறோம். இரண்டாவது பெண்ணை அளக்கிறோம். அவளுக்குத் திரையில் 158/104 வரவேண்டும். அது அலமேலுவின் எண். பெயர் போடவில்லை, அவளிடம் கேட்காமல் போடுவது சரியில்லை என்று நிவேதா சொல்லிவிட்டாள். உங்களில் யார் நிரலில் ஒரு வரியைத் தொட்டாலும், அடுத்த நிமிடம் அலமேலு அந்தப் பால்வாடி அறையில் மறுபடி ஒரு முறை கையை நீட்டுகிறாள். ஒரு நாளில் எத்தனையோ தடவை. இதுவரை ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அவளுடைய எண்ணே கிடைத்திருக்கிறது.

எண்ணை அழகாக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். போன் செய்த பிள்ளை மறுபடி போன் செய்யட்டும், இந்தத் தடவை சத்தம் போட மாட்டேன். அந்தக் குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறாளாம். அதே அறைதான்.